வாடகைத் தூதர்கள் ஊர் திரும்பும் இடம்

ஏப்ரல் 21, 2025, திங்கள் – செங்டு

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கிறது செங்டு. இறங்கும்போது தூறல். குடிநுழைவைத் தாண்டி வெளியே வருவதற்குள் சுவரில் பாண்டா, தூணில் பாண்டா, டாக்சிக் கதவில் பாண்டா. விடுதியில் கொடுத்த சாவி அட்டையிலும் அதே முகம். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

இந்தப் பயணம் முழுக்க அக்காவின் ஏற்பாடு. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2012 செப்டம்பரில் காய் காய், ஜியா ஜியா என்ற பாண்டா ஜோடி சிங்கப்பூருக்கு வந்ததிலிருந்து, அவை இருக்கும் ரிவர் வொண்டர்ஸ் விலங்குப் பூங்கா அவருக்குப் பிறந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பல வருட முயற்சி வீணாகி, கடைசியில் செயற்கைக் கருவூட்டலில் 2021 ஆகஸ்டில் லெ லெ பிறந்தபோது, நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லியும் கேட்காமல் போனில் முழுக்கதையும் சொல்லி முடித்தார். 2024 ஜனவரியில் அந்தக் குட்டியைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விதான் எங்களை இங்கே கூட்டி வந்தது.

“நம்ம ஊர்ல பொறந்த பிள்ளைடா. அதை எதுக்கு அனுப்பணும்?”

“ஒப்பந்தம் அப்படிக்கா.”

“என்ன ஒப்பந்தமோ போ.”

பாண்டா ஒரு நாட்டுக்குப் போகும்போது வரும் செய்திகளை நான் விடாமல் படிப்பவன். விமானத்தில் ஏறும் படம், அமைச்சர் கைதட்டும் படம், பிள்ளைகள் கொடி ஆட்டும் படம். திரும்பி வருவதைப் பற்றி உள்பக்கத்தில் நாலு வரி. எனக்கோ அந்த நாலு வரியில்தான் விஷயம் இருப்பதாகத் தோன்றும். அதனால் அக்காவுக்குப் பாண்டா, எனக்குத் திரும்பி வந்த பாண்டா என்று சமரசம் செய்துகொண்டு கிளம்பினோம்.

சாயங்காலம் நகர மையத்தில் ஒரு வணிக வளாகத்தின் மாடியைப் பிடித்து ஏறுகிற ராட்சதப் பாண்டா சிலையைப் பார்த்தோம். கீழே தெருவில் நின்றால் அதன் பின்புறம்தான் தெரிகிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப்போக வைத்துவிட்டது, அப்புறம் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய் – செங்டு ஆய்வு மையம்

பாண்டா காலையில்தான் சுறுசுறுப்பு, வெயில் ஏறினால் தூங்கிவிடும் என்று அக்கா விடியும் முன்பே எழுப்பிவிட்டார். மெட்ரோ, அப்புறம் பஸ். டிக்கெட்டைக் கடவுச்சீட்டு எண்ணோடு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். இல்லாவிட்டால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

இந்த மையம் 1987-இல் தொடங்கியது. காட்டில் பட்டினியிலிருந்து மீட்ட ஆறு பாண்டாக்கள்தான் முதல் குடும்பம். 1980-களின் தொடக்கத்தில் இந்த மலைகளில் பெரும்பரப்பில் மூங்கில் ஒரே சமயத்தில் பூத்துக் காய்ந்தது. பூத்தால் மூங்கிலின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம், மறுபடி தழைக்க வருடக்கணக்காகும். மூங்கிலைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் சாப்பிடாத பிராணிக்கு அது எப்பேர்ப்பட்ட இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹுவா ஹுவா என்ற பெண் பாண்டாவுக்குத் தனி வரிசை. 2020-இல் பிறந்தது, உருண்டை முகம், கழுத்தே இல்லாத மாதிரி உடம்பு, சீனாவில் அதற்கு இருக்கிற ரசிகர் கூட்டம் சினிமா நட்சத்திரங்களுக்குக்கூட இருக்காது. மணிக்கணக்கில் நின்றால் சில நிமிடம் பார்க்கலாம். அக்கா நின்றார், நான் நிற்கவில்லை. ஆனால் ஒரு தகவல்: ஹுவா ஹுவாவின் அப்பா மெய் லான் 2006-இல் பிறந்தது அமெரிக்காவின் அட்லாண்டா விலங்குத் தோட்டத்தில். அப்பனை ஒப்பந்தப்படி திருப்பி வாங்காமல் இருந்திருந்தால் இந்த வரிசையே இருந்திருக்காது.

அக்கா வரிசையில் நின்ற நேரத்தில் நான் ஆளில்லாத ஒரு வேலியோரம் நின்றேன். வளர்ந்த பாண்டா ஒன்று மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. இது மூங்கில் குருத்துக் காலம். ஒரு குருத்தைக் கையில் எடுக்கிறது. மணிக்கட்டு எலும்பு நீண்டு ஆறாவது விரலாகியிருப்பதால் நம்மைப் போலவே பிடிக்க முடிகிறது. கடைவாயில் வைத்து ஒரு இழு, குருத்தைத் திருப்பி இன்னொரு இழு, மேல் மடல் சுருளாகக் கழன்று வயிற்றில் விழுகிறது. வெள்ளைச் சதை வெளியே வந்ததும் நறுக் நறுக்கென்று நாலு கடி. முடிவதற்குள் மறு கை அடுத்த குருத்தைத் தேடுகிறது. வயிற்றில் தோல் மலை. சாப்பிட்டபடியே லேசாக ஒரு பக்கம் சாய்ந்து, பச்சை நார்க்கட்டி ஒன்றைப் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி நிமிர்ந்தது. மாமிசப் பிராணியின் குடலை வைத்துக்கொண்டு புல் தின்றால் இப்படித்தான். தின்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிக்காது, ஆகவே நாள் முழுக்கத் தின்ன வேண்டும்.

இந்தப் பசிக்குத்தான் உலகம் காசு கட்டுகிறது. பழைய கதை வேறு. 1957-இல் மாஸ்கோவுக்கு பிங் பிங் போனதிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை சோவியத் யூனியன், வட கொரியா, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, மெக்சிகோ, ஸ்பெயின் என்று ஒன்பது நாடுகளுக்குச் சீனா பாண்டாவைப் பரிசாகவே கொடுத்தது. பிறகு பரிசு நின்றது. 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் கொஞ்ச நாளுக்குக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள், கூட்டம் அலைமோதியது. உடனே ஊர் ஊராகப் பாண்டாவைக் கேட்டு வாங்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். இனப்பெருக்கம் செய்ய வேண்டிய விலங்கை சர்க்கஸ் போலச் சுற்றவிடுகிறீர்களே என்று 1988-இல் உலக இயற்கை நிதியம் அமெரிக்காவில் வழக்கே போட்டது. அதிலிருந்து உருவானதுதான் இன்றைய முறை: பத்து வருட ஒப்பந்தம், ஒரு ஜோடிக்கு வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை, பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். பெண் பாண்டா கருத்தரிப்பது வருடத்தில் ஓரிரு நாள்தான் என்பதால் குட்டி கிடைப்பதே குதிரைக்கொம்பு. அது கிடைத்தாலும் சில வருடத்தில் பெட்டி கட்ட வேண்டும்.

“வாடகை வீட்ல பொறந்த பிள்ளையை வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு” என்றார் அக்கா. வரிசையில் நின்ற களைப்பிலும் அந்தக் கோபம் குறையவில்லை.

ஏப்ரல் 23, புதன் – துஜியாங்யான், யிங்ஷியு

துஜியாங்யானுக்கு அதிவேக ரயிலில் அரை மணி. அங்கிருந்து வண்டி பேசிக்கொண்டு மலைப் பக்கம் ஏறினோம்.

வழியில் யிங்ஷியு. 2008 மே 12 நிலநடுக்கத்தின் மையம். இடிந்து சாய்ந்த நடுநிலைப் பள்ளியை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் உடைந்த கடிகாரத்தின் பெரிய சிற்பம், நேரம் 2:28. அக்கா முப்பது வருடம் வகுப்பறையில் இருந்தவர். வேலியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து கிடந்த மாடிகளைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வோலோங்கின் பழைய பாண்டா மையமும் அன்றைக்கு நொறுங்கியது. மாவ் மாவ் என்ற பாண்டா சுவர் விழுந்து இறந்தது. தப்பியவற்றை யாஆனுக்கு மாற்றினார்கள். தப்பியதில் துவான் துவான், யுவான் யுவான் என்ற ஜோடியும் உண்டு. தைவானுக்கு ஒரு ஜோடி தருவதாக 2005-இல் அறிவித்து, 2006-இல் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவை. அப்போது ஆட்சியில் இருந்த சென் ஷுய்-பியன் அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2008-இல் மா யிங்-ஜியோ ஆட்சிக்கு வந்தார், டிசம்பரில் இரண்டும் தைபேக்குப் போய்ச் சேர்ந்தன. வாடகை இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம். பெய்ஜிங் கணக்கில் அது வெளிநாடே இல்லையே! ஹாங்காங்கும் மக்காவும் இதே பட்டியல். யாருக்கு இலவசம், யாருக்கு வாடகை என்று பார்த்தாலே சீனா எந்த எல்லையை எங்கே போடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஏப்ரல் 24, வியாழன் – வோலோங், ஷென்ஷுபிங்

நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹாங்காங் நிதியில் கெங்தா ஊருக்குப் பக்கத்தில் கட்டிய புது மையம் இது. மலைக்கு நடுவே, மூடுபனி, குளிர். அக்கா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்.

ஃபூ பாவ் இங்கேதான் இருக்கிறது. 2014-இல் ஷி ஜின்பிங் சியோலுக்குப் போனபோது வாக்குக் கொடுத்து, 2016-இல் தென் கொரியாவுக்கு அனுப்பிய ஜோடியின் குட்டி. 2020 ஜூலையில் எவர்லேண்ட் பூங்காவில் பிறந்தது. கொரியாவில் பிறந்த முதல் பாண்டா. கொரோனாவில் நாடே வீட்டுக்குள் கிடந்த காலத்தில் அது வளர்வதைத் தினமும் காணொளியில் பார்த்து வளர்ந்த ஜனங்கள் ஏராளம். வளர்த்த காப்பாளர் காங் சல்-வோனை எல்லோரும் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டார்கள். 2024 ஏப்ரல் 3-இல் அதைச் சீனாவுக்குக் கொண்டுவர அவரே கூட வந்தார், அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய அம்மா இறந்திருந்தார். மழையில் ஆயிரக்கணக்கானோர் அழுதுகொண்டே வழியனுப்பினார்கள்.

ஃபூ பாவ் வளாகத்துக்கும் வரிசைதான். எங்களுக்கு முன்னால் கொரியப் பெண்கள் ஏழெட்டுப் பேர். முதுகுப்பையில் ஃபூ பாவ் பொம்மை, கழுத்தில் நீள லென்ஸ் கேமரா. மொழிபெயர்ப்புச் செயலியை நடுவில் வைத்துப் பேசினோம். இவர்களில் ஒருவர் வருவது முதல் தடவை இல்லையாம். டிசம்பரில் ஃபூ பாவுக்கு உடல் நடுக்கம் வந்து பார்வையாளர் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தார்கள். போன மாதம்தான் மறுபடி வெளியே விட்டார்கள். கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள்.

“இங்கே கவனிப்பு நன்றாக இருக்கிறதா?” என்று தட்டிக் காட்டினேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டிய பதில்: “அதைப் பார்க்கத்தான் வருகிறோம்.”

எனக்கு அந்த இடத்தில்தான் ஒன்று பிடிபட்டது. பாண்டாவை அனுப்பி அன்பு சம்பாதிக்கிறார்கள் என்பது பாதிக் கதை. அனுப்புகிற நாளில் கிடைப்பது கைதட்டல். திருப்பி வாங்குகிற நாளில்தான் பிடி இறுகுகிறது: இனி அந்தக் குட்டியைப் பார்க்க வேண்டுமானால் சிச்சுவானுக்கு வா, அடுத்த ஜோடி வேண்டுமானால் உறவைச் சரியாக வைத்துக்கொள். அதே சமயம் இந்தக் கூட்டம் சும்மா வந்து அழுதுவிட்டுப் போகிற கூட்டமும் இல்லை, கேமராவோடு வந்து முடி கொட்டியிருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று பார்த்துப் பதிவு போடுகிறது. பிடி இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஃபூ பாவ்? முதுகைக் காட்டி உட்கார்ந்து மூங்கில் தின்றது. கொரியப் பெண்கள் அதற்கே கண்ணைத் துடைத்தார்கள். அக்காவும்தான்.

ராத்திரி விடுதியில் போனைத் திறந்தால் செய்தி: ஜப்பானின் வகயாமாவில் ஷிராஹாமா என்ற கடலோர ஊரில், அட்வெஞ்சர் வேர்ல்ட் பூங்காவில் இருக்கும் நான்கு பாண்டாக்களையும் ஜூன் கடைசியில் சீனாவுக்கு அனுப்பப் போகிறார்கள். 1994-இலிருந்து பாண்டா இருக்கிற ஊர், 17 குட்டிகள் பிறந்த பூங்கா. செங்டு மையத்தோடு போட்ட ஒப்பந்தம் முடிகிறதாம்.

ஏப்ரல் 25, வெள்ளி – யாஆன், பிஃபெங்ஷியா

யாஆனை மழை ஊர் என்பார்கள். பொய்யில்லை.

பிஃபெங்ஷியா பாண்டா மையத்தில் ஷியாங் ஷியாங். 2017-இல் தோக்கியோவின் உவேனோ விலங்குத் தோட்டத்தில் பிறந்து, 2023 பிப்ரவரியில் வந்தது. குடை பிடித்து நின்ற மூன்று ஜப்பானிய மூதாட்டிகள் நேற்றைய செய்தியைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ‘ஷிராஹாமா’ என்ற சொல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் தெரிந்தது. ஒருவருக்கு ஆங்கிலம் வந்தது. இந்த நான்கும் போனால் ஜப்பானில் மிச்சம் உவேனோவில் இருக்கும் ஷியாங் ஷியாங்கின் இரட்டைத் தம்பி தங்கைகள் மட்டும் என்றார். 1972-இல் காங் காங், லான் லான் வந்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனார்களாம். மணிக்கணக்கில் நின்று, நடந்துகொண்டே அரை நிமிடம் பார்த்ததை இப்போதும் கையால் நடித்துக் காட்டினார்.

அந்த 1972 ஒரு பாண்டா வருடம்தான். பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் வந்திருந்தபோது விருந்தில் அவர் மனைவி பேட், மேசையில் இருந்த சிகரெட் டப்பாவில் பாண்டா படத்தைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்றாராம். பக்கத்தில் இருந்த பிரதமர் சூ என்லாய், தருகிறேன் என்றார். அவர் சொன்னது சிகரெட்டை இல்லை. ஏப்ரலில் லிங்-லிங், ஷிங்-ஷிங் வாஷிங்டன் வந்து சேர்ந்தன. பதிலுக்கு அமெரிக்கா அனுப்பியது மில்டன், மெடில்டா என்று இரண்டு கஸ்தூரி எருதுகள். சடை சடையாக ரோமம் தொங்கும் அந்த ஜோடியை இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. பேரத்தில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. செப்டம்பரில் ஜப்பானோடு உறவு, அக்டோபரில் காங் காங்கும் லான் லானும்.

உவேனோ என்றதும் எனக்கு இன்னொரு விருந்தாளி ஞாபகம் வந்தது. போர் சமயத்தில் அங்கிருந்த யானைகளைப் பட்டினி போட்டுச் சாகடித்துவிட்டார்கள். போர் முடிந்து பிள்ளைகள் யானை கேட்டு எழுதிய கடிதங்களைப் படித்து நேரு 1949-இல் ஒரு யானையை அனுப்பினார். மைசூர் யானை, மகள் பெயரையே வைத்தார்: இந்திரா. அது திரும்பவே இல்லை, 1983 வரை உவேனோவிலேயே வாழ்ந்து இறந்தது. மூதாட்டியிடம் சொன்னேன். “இந்திரா! தெரியும், தெரியும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நேரு எந்த ஒப்பந்தமும் போடவில்லை. அது பெருந்தன்மையா, விவரம் போதாமையா என்று அக்காவும் நானும் யாஆன் தேநீர்க் கடையில் நெடுநேரம் வாதம் செய்தோம். அக்கா பெருந்தன்மைக் கட்சி.

நான் பின்லாந்தைச் சொன்னேன். 2018-இல் ஆஹ்டாரி என்ற சின்ன ஊர் 80 லட்சம் யூரோவுக்கு மேல் போட்டுப் பாண்டாவுக்கு வீடு கட்டியது. கொரோனா, விலைவாசி, கடன். 15 வருடத்துக்கு வந்த ஜோடியைப் போன நவம்பரில் அவர்களே திருப்பி அனுப்பினார்கள், வைத்துக்கொள்ள முடியவில்லை என்று. “கெளரவத்துக்கு விருந்து வெச்சு கடனாளி ஆனவன் கதை” என்று அக்கா முடித்துவிட்டார்.

ஏப்ரல் 26, சனி – பாவ்ஷிங், தெங்ச்சிகோ

பாவ்ஷிங் பாதையில் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பாறை. அதற்கும் மேலே ஒரு பள்ளத்தாக்கில் தெங்ச்சிகோ தேவாலயம். 1839-இல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் சீன நாற்கட்டு வீடு, கருத்த மரச் சுவர், ஓட்டுக் கூரை. உள்ளே நுழைந்தால்தான் வளைவுகளும் பலிபீடமும்.

இங்கே 1869-இல் தங்கியிருந்தவர் அர்மான் தவீத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். பூசை நேரம் போகச் செடி, பறவை, விலங்கு சேகரிப்பதுதான் வேலை. அந்த வருடம் மார்ச் 11-ஆம் தேதி, லீ என்ற நிலக்கிழார் வீட்டில் தேநீர் குடிக்கப் போன இடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் தோலைப் பார்த்தார். உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கு அது புதிதில்லை, பாரிசுக்குத்தான் புதிது. சில நாளில் அவர்கள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உயிரோடு தூக்க வசதியில்லை என்று கொன்றே கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தோலும் எலும்பும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. தவீத் அதைக் கரடி என்று எழுதினார். பாரிசில் விலங்கியலாளர் மில்ன்-எட்வர்ட்ஸ், கரடி இல்லை என்று தனி இனப்பெயர் கொடுத்தார். நூறு வருடத்துக்கு மேல் நடந்த சண்டையை மரபணு ஆய்வு தீர்த்து வைத்தது. பாதிரியார் சொன்னதே சரி, கரடிதான்.

அதன் பிறகு வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். 1929-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் இரண்டு மகன்கள் ஒன்றைச் சுட்டு சிகாகோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 1936-இல் ரூத் ஹார்க்னஸ் என்ற பெண்மணி குட்டியொன்றைக் கையில் தூக்கிக்கொண்டே கப்பல் ஏறினார். 1941-இல் அப்போதைய சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவி சூங் மெய்-லிங், போர் நிவாரண உதவிக்கு நன்றியாக நியூயார்க்கின் பிராங்க்ஸ் தோட்டத்துக்கு ஒரு ஜோடியை அனுப்பினார். கம்யூனிஸ்டுகள் வருவதற்கு முன்பே பாண்டா அரசியலில் இறங்கியாயிற்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் மாவோ காலத்தில் பரிசாகப் போனவற்றில் கணிசமானவை இந்த பாவ்ஷிங் காடுகளில் பிடித்தவை.

இன்றைக்குக் காட்டில் பிடிப்பதில்லை. கடைசியாக முடிவு வெளியான கணக்கெடுப்பின்படி காட்டுப் பாண்டாக்கள் 1,864. 2016-இல் ‘அழியும் ஆபத்து’ பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கினார்கள். வாடகைப் பணத்தில் ஒரு பகுதி காட்டுக்குப் போக வேண்டும் என்று அமெரிக்கா 1990-களில் விதி போட்டதும், சீனா காடு வெட்டுவதை நிறுத்தியதும் இதற்குக் கொஞ்சம் காரணம். காட்டைப் பொறுத்தவரை வாடகை முறை பரிசை விட நல்லது என்றே சொல்வேன். அக்காவிடம் சொல்லவில்லை.

தவீத் தங்கியிருந்த அறையில், பாரிசுக்குப் போன அந்தத் தோலின் படம் மாட்டியிருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“இதை மட்டும் திருப்பிக் கேக்கலையா?”

“இது போறப்ப ஒப்பந்தமே கிடையாதுக்கா.”

“உயிரோட, சீனாவுக்குச் சொந்தமில்லாத ஒண்ணாவது எங்கயாச்சும் இருக்கா?”

தைவானை விட்டுவிட்டால் ஒன்று இருக்கிறது. 1975-இல் மெக்சிகோவுக்குப் பரிசாகப் போன ஜோடியின் பேத்தி ஷின் ஷின், மெக்சிகோ சிட்டியின் சப்புல்தபெக் விலங்குத் தோட்டத்தில். 1990-இல் பிறந்தது, பாண்டா வயதுக்குக் கிழவி. பரிசுக் காலத்தின் வாரிசு என்பதால் யாருக்கும் வாடகையும் இல்லை, திருப்பிக் கேட்க ஆளும் இல்லை என்றேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா போனை எடுத்தார். டிக்கெட் விலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாதா?